கல்லீரலும் கணையமும் ஒரே ஆபரேஷனில்: ஒரு சின்ன வரலாறு (த்ரெட்)

1/ மஞ்சக்காமாலைன்னு வருவாங்க. ஸ்கேன் பார்த்தா பித்தக்குழாயில் கேன்சர். "உடனே ஆபரேஷன் பண்ணாம ஏன் டாக்டர் வாரக்கணக்கா காக்க வைக்கிறீங்க?"ன்னு வீட்டுல உள்ளவங்க கோபப்படுவாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கான பதில் வரலாற்றுல இருக்கு. படிங்க.

2/ பித்தக்குழாய் கல்லீரலுக்குள்ள தொடங்கி, கணையத்தின் தலைப்பகுதி வழியா இறங்கி, சிறுகுடலில் திறக்கும். கேன்சர் மேலே இருந்தா கல்லீரலில் ஒரு பகுதியை எடுக்கணும். கீழே இருந்தா கணையத்தின் தலையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் எடுக்கணும். குழாய் முழுக்கப் பரவியிருந்தா? ரெண்டையும் எடுக்கணும்.

3/ கணைய ஆபரேஷன் பழசு. 1909-ல் பெர்லினில் வால்தர் கௌஷ் செய்தார். 1935-ல் அமெரிக்காவில் ஆலன் விப்பிள் வெளியிட்டார். ரெண்டு பேரும் இரண்டு கட்டமாத்தான் செஞ்சாங்க. முதலில் பித்தநீருக்கு மாற்று வழி, காமாலை குறைஞ்ச பிறகு கட்டி. இந்தப் பொறுமையை நினைவுல வெச்சுக்கோங்க.

4/ 1980-ல் ஜப்பானின் டகாசாகி குழு, முற்றிய பித்தப்பை கேன்சருக்குக் கல்லீரலையும் கணையத்தையும் சேர்த்து வெட்டியதை வெளியிட்டது. ஆனா ஆரம்ப காலத்துல ஆபரேஷனுக்குப் பிறகு இறந்தவங்க நிறைய. பல நாடுகளில் சர்ஜன்கள் இதைத் தொடவே தயங்கினாங்க.

5/ ஏன் இறந்தாங்க? மீதி இருக்கும் கல்லீரல் சின்னது, அதுவும் காமாலையில் களைச்சது. கணையத்தைக் குடலோடு இணைச்ச இடத்துல கசிஞ்சா, அந்த நீர் பக்கத்து ரத்தக்குழாயையே அரிக்கும். தொற்று வரும். தொற்றைத் தாங்க அந்தச் சின்னக் கல்லீரலுக்குத் தெம்பு இருக்காது.

6/ வழி கத்தியில் இல்லை, அதுக்கு முன்னாடி இருந்தது. 1980-களில் மசடோஷி மகுச்சி, எடுக்கப்போற பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயை முன்கூட்டியே அடைச்சார். சில வாரத்துல மறுபக்கக் கல்லீரல் வளர்ந்துடும்!

7/ நகோயா பல்கலைக்கழகத்தில் யூஜி நிமுரா, மசாட்டோ நகினோ குழு இன்னும் போனாங்க. ட்யூப் வழியா வெளியே எடுத்த பித்தநீரை நோயாளிக்கே குடிக்கக் கொடுத்தாங்க. கசப்புதான். ஆனா குடலுக்குப் பித்தநீர் வேணும். அது இல்லைன்னா குடலின் தடுப்புச்சுவர் பலவீனமாகும், வைட்டமின் கே சேராது, ரத்தம் உறையாது.

8/ பலன்? 1992 முதல் 2011 வரை அங்கே பித்தக்குழாய் கேன்சருக்கு இந்த ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட 85 பேரில், ஆபரேஷனால் இறந்தது 2 பேர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 37%. சிக்கல்கள் நிறையவே வந்தன, சமாளிச்சாங்க.

9/ இது எல்லாருக்கும் இல்லை. வேற உறுப்புக்குப் பரவியிருந்தா பயன் இல்லை. அனுபவமுள்ள பெரிய டீம் கட்டாயம்.

10/ அதனால ட்யூப் போட்டுக் காத்திருக்கச் சொன்னா, அது அலட்சியம்னு நினைக்காதீங்க. கல்லீரல் தயாராகுது. நீங்க வீணாக்கக் கூடாத நாட்கள் அதுக்கு முன்னாடி. வலியே இல்லாம கண் மஞ்சள், உடம்பு அரிப்பு, வெளுத்த மலம், அடர்ந்த சிறுநீர்னு இருந்தா, பச்சிலை சாப்பிட்டுப் பார்க்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. அந்த வாரமே ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க.