பசித்த தண்ணீர்

சிகாகோவில் ஒரு கட்டடத்தின் பூச்சு உரிந்துகொண்டிருந்தது. 1893 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது, பிறகு ஃபீல்ட் மியூசியம் ஆனது. 1907இல் அதற்கு மறுபூச்சு பூச வழி கண்டுபிடிக்கும் வேலை கார்ல் ஏக்லியிடம் வந்து சேர்ந்தது. அவர் கொத்தனார் இல்லை. செத்த மிருகங்களைப் பாடம் செய்து மியூசியத்தில் நிறுத்துபவர். (ஆப்பிரிக்காவில் தன்மேல் பாய்ந்த சிறுத்தையை வெறுங்கையால் கொன்றவர் என்பது தனிக்கதை.) உலர்ந்த சிமென்டையும் மணலையும் காற்றழுத்தத்தில் குழாய் வழியே தள்ளி, முனையில் தண்ணீர் சேர்த்துச் சுவரில் அடிக்கும் ஒரு கருவியை அவர் செய்தார். 1911இல் காப்புரிமை கிடைத்தது. அப்படி அடிக்கும் கலவைக்குத்தான் ‘கனைட்’ என்று பெயர் வந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் கொல்லைப்புறங்களில் நீச்சல்குளங்கள் பெருகியதில் இந்தக் கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. மண்ணைத் தோண்டி, கம்பி கட்டி, அதன்மேல் அடித்தால் போதும். இரண்டு பக்கமும் பலகை அடைக்க வேண்டியதில்லை. சிறுநீரக வடிவமோ வேறெதுவோ, எந்த வளைவும் வரும். ஆனால் துப்பாக்கி உடம்பைத்தான் கட்டும். தோலை இன்னும் கைதான் பூசுகிறது. வெள்ளை சிமென்டும் மார்பிள் தூளும் கலந்து, அரை அங்குலத்துக்கும் குறைவான கனத்தில், ஆட்கள் கரண்டியோடு குழிக்குள் இறங்கி, இறுகுவதற்குள் இழுத்து முடிக்க வேண்டும். முடித்த கையோடு தண்ணீர் நிரப்புவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, சாக்ரமென்டோ பக்கம் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் குளத்துக்கு ஒரு குளிர்காலத்தில் மறுபூச்சு போட்ட பிறகுதான். மூன்றே மாதத்தில் சாம்பல் நிறத் திட்டுகள். படிக்கட்டுப் பக்கம் சொரசொரப்பு. மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பூசியவர்களைக் கூப்பிட்டேன். வந்தவர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, சொட்டு விட்டு, ஒரு எண்ணைச் சொன்னார்: மைனஸ் 0.4. “உங்க தண்ணி பசியா இருக்கு, பூச்சைத் தின்னுடுச்சு” என்கிற மாதிரி விளக்கம். உத்தரவாதம் அத்தோடு முடிந்தது.

அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த வில்ஃப்ரட் லாஞ்சலியர் 1936இல் வெளியிட்டது. அவர் கவலை நீச்சல்குளம் அல்ல, ஊருக்குத் தண்ணீர் போகும் இரும்புக் குழாய்கள். குழாய்க்குள் கால்சியம் கார்பனேட் மெல்லிசாகப் படிந்தால் துரு குறையும். தண்ணீர் அதைப் படியவைக்குமா, கரைக்குமா என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்கு வேண்டியிருந்தது. பிஎச், வெப்பநிலை, கால்சியம், காரத்தன்மை, கரைந்திருக்கும் உப்புகள் ஆகியவற்றிலிருந்து ஒரே எண். பூஜ்யம் என்றால் சமநிலை. கூடினால் படியும், குறைந்தால் கரைக்கும். அழகான கணக்கு. ஆனால் அது கார்பனேட்டை மட்டும்தான் அறியும். புதுப் பூச்சில் கால்சியம் ஹைட்ராக்சைடும் இருக்கிறது. அது இன்னும் சுலபமாகக் கரையும். குழாய்க்காகப் பிறந்த எண்ணைக் குளத்துக்குக் கொண்டுவந்ததில் தவறில்லை, அதை நீதிபதி ஆக்கியதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான். சர்வர் ஆட்கள் கோடைச் சொல்வார்கள், கோடு எழுதியவன் சர்வரைச் சொல்வான். கடைசியில் எவனிடம் லாக் இருக்கிறதோ அவன் ஜெயிப்பான்.

அப்பா அந்தக் கோடையில் வந்திருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை. மொசைக் தரை போடுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி, தண்ணீருக்குள் உள்ளங்கையை வைத்து மெதுவாக நகர்த்தினார். நான் எண்ணைச் சொன்னேன்.

“ஏம்ப்பா, தண்ணி அரிச்சா எல்லா இடத்துலயும்ல அரிக்கும்? இங்க பாரு, வளைஞ்சு வளைஞ்சு போகுது. இது ஆளோட கை போன தடம். இறுகினப்புறம் கரண்டியை அழுத்தி இழுத்திருக்கான்.”

பார்த்தேன். திட்டுகள் உண்மையிலேயே ஒரு மனிதக் கையின் வீச்சளவுக்கு வளைந்திருந்தன. நேரம் கடந்து இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைப் பூச்சு கருக்கும். குளிரில் சீக்கிரம் இறுகவேண்டும் என்று கால்சியம் குளோரைடை அதிகமாகப் போட்டாலும் சாம்பல் பூக்கும். எங்கள் குளத்தில் போட்டார்களா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

“அவனையும் சொல்ல முடியாது” என்றார் அப்பா. “வெயில் இல்லாத நாள்ல நாலு பேர் செய்யிற வேலைக்கு ரெண்டு பேரை இறக்கிவிட்டிருப்பாங்க.” குளத்தைப் பூச எத்தனை பேர் வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அன்று எனக்கு மீட்டிங். வெளியே போய்ப் பார்க்கவேயில்லை. முதல் மாதம் பிஎச் பார்க்க வேண்டிய நாட்களில் பாதியை நான் தவறவிட்டதும் உண்மை. படிப்பக்கச் சொரசொரப்பில் வளைவு எதுவும் இல்லை. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் திட்டு போகும் என்று ஒருவர் விலை சொன்னார். அப்பா கேட்டவுடன் முகம் சுளித்தார். ஆசிட் கறையை மட்டும் எடுக்காது. மேல்தோலோடு எடுத்துக்கொண்டு போகும், அடுத்த வருஷம் இன்னும் சொரசொரக்கும். வெள்ளை சிமென்டும் மார்பிளும் என்றால் அவருக்கு அது மொசைக் தரைதான். “கல்லு போட்டாப் போச்சு” என்றார்.

ஹார்டுவேர் கடையில் கார்பரண்டம் கல் கிடைத்தது. மகள் முட்டி உரசும் மூன்று படிகளை மட்டும், தண்ணீரை இறக்காமலேயே, மூன்று நாள் சாயங்காலம் தேய்த்தோம். நான் வேகமாகத் தேய்த்ததைப் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அழுத்தாத. கல்லோட எடை போதும்.”

சாம்பல் திட்டுகள் அப்படியே இருக்கின்றன. மத்தியான வெயிலில், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது, அந்த வளைவுகள் நன்றாகத் தெரியும்.