பெனிசிலினுக்குக் காவல் தேடியவர்கள்

சுத்திகரித்த பெனிசிலின் ஊசி முதல் நோயாளிக்குப் போடப்படும் முன்பே அதற்கு எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. 1940 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டின் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். சில பாக்டீரியாக்களை நசுக்கி எடுத்த சாற்றில், பெனிசிலினைச் செயலிழக்க வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது என்பதே அதன் சாரம். 1948 வாக்கில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் சோதித்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளில் பாதிக்கும் மேல் பெனிசிலினுக்கு அடங்கவில்லை.

நொதியால் வெட்ட முடியாத பெனிசிலினைச் செய்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றிய வழி. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், பிராக்கம் பார்க்கில் இருந்த பீச்சம் நிறுவன ஆய்வகம் 1960இல் மெத்திசிலினைக் கொண்டுவந்தது அப்படித்தான். ஸ்டாஃபிலோகாக்கஸிடம் அது வேலை செய்தது. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் கிளெப்சியெல்லா போன்றவற்றிடம் எடுபடவில்லை.

1960களின் பிற்பகுதியில் அதே ஆய்வகம் கேள்வியையே மாற்றிப் போட்டது. கிருமியைக் கொல்லும் பொருள் எது என்று தேடுவதை விட்டு, கிருமியின் நொதியை முடக்கும் பொருள் எது என்று தேடத் தொடங்கியது. மருந்து வேட்டையின் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான திருப்பம் குறைவு. இப்படிப்பட்ட பொருள் தனியாகக் கிருமியைக் கொல்லாமலே போகலாம். வழக்கமான சோதனையில் அது யார் கண்ணிலும் படாது.

அதைக் கண்ணில் பட வைத்தது ஓர் எளிய ஏற்பாடு. அகர் தட்டில் பெனிசிலினைக் கலந்து, நொதி சுரக்கும் கிளெப்சியெல்லாவையும் அதிலேயே வளரவிட்டார்கள். கிருமி பெனிசிலினைத் தின்று தீர்த்துவிட்டுத் தட்டு முழுக்கப் படரும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்த திரவத்தை அந்தத் தட்டில் ஓரிடத்தில் வைத்தால், அதில் நொதியை முடக்கும் பொருள் இருக்கும்பட்சத்தில் அங்கே மட்டும் பெனிசிலின் பிழைக்கும். சுற்றிலும் கிருமி வளராத வட்டம் தெரியும். பெனிசிலின் கலக்காத தட்டிலும் அதே வட்டம் வந்தால், அது சாதாரண ஆன்டிபயாடிக்.

வட்டம் காட்டியவற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசஸ் கிளாவுலிஜெரஸ். தென் அமெரிக்க மண்ணிலிருந்து கிடைத்த அந்த நுண்ணுயிரை எலி லில்லி நிறுவனத்தார் 1971இலேயே விவரித்திருந்தார்கள். அது சுரக்கும் வேறோர் ஆன்டிபயாடிக்தான் அவர்களை ஈர்த்தது. அதே உயிரிடமிருந்து பீச்சம் குழு கிளாவுலானிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து 1976இல் அறிவித்தது. கையில் எண்ணெய் தடவாமல் பலாப்பழம் அறுத்தவர் பிசினில் மாட்டிக்கொள்வதைப் போல, இந்த அமிலத்தின் மூலக்கூறு வளையத்தை வெட்டப்போகும் நொதி இதனோடேயே ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகிறது. அமாக்சிசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்துடன் சேர்த்து இந்த அமிலம் 1981இல் பிரிட்டனில் ‘ஆக்மென்டின்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் தெருமுனை மருந்துக் கடைகளிலும் சீட்டில் அடிக்கடி வரும் மாத்திரை அது.

பின்னால் வந்த நொதி முடக்கிகளான சல்பாக்டமும் டாசோபாக்டமும் வேதியியலாளர்கள் செய்து எடுத்தவை. டாசோபாக்டமின் அமைப்பைச் சற்றே மாற்றிய என்மெடாசோபாக்டம் சென்னையின் ஆர்கிட் நிறுவனத்தில் கண்டறியப்பட்டது. செஃபெபைம் மருந்தோடு சேர்த்து, கடுமையான சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அதற்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு இது பெருமைதான்.

ஆனால் சென்னைக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. 2010இல் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழ் பெனிசிலின் வகை மருந்துகளை வெட்டும் என்.டி.எம்.-1 நொதியின் பரவலை விவரித்தபோது, அதைத் தாங்கிய கிருமிகளில் 44 சென்னையில் எடுக்கப்பட்டவை. துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் அந்த நொதியிடம் கிளாவுலானிக் அமிலத்தின் பிடி செல்லாது. என்மெடாசோபாக்டமும் அதைத் தடுப்பதில்லை.