கன்னிங்காம் திட்டம்

கன்னிங்காம் திட்டம் என்பது 2, 3, 5, 6, 7, 10, 11, 12 ஆகிய எண்களின் அடுக்குகளுடன் 1 ஐக் கூட்டியோ, அவற்றிலிருந்து 1 ஐக் கழித்தோ பெறப்படும் எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பட்டியலிடும் கூட்டு முயற்சி ஆகும். 1925 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அட்டவணை நூலிலிருந்து இது வளர்ந்தது. பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் தத்தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை வழங்கி, நூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களைக் காரணிப்படுத்தும் முறை 1980களின் இறுதியில் இத்திட்டத்தின் எண்களைக் கொண்டே வளர்ச்சி பெற்றது. திட்டத்துக்குப் பெயர் தந்த ஆலன் கன்னிங்காம் தில்லியில் பிறந்து, ரூர்க்கியில் கணிதம் கற்பித்தவர்.

பெயரும் தோற்றமும்

ஆலன் கன்னிங்காம் (1842–1928), இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தை நிறுவிய அலெக்சாண்டர் கன்னிங்காமின் மகன். வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றிய இவர், 1871 முதல் 1881 வரை ரூர்க்கி தாம்சன் பொறியியல் கல்லூரியில் (தற்போதைய இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ரூர்க்கி) கணிதம் பயிற்றுவித்தார். கங்கைக் கால்வாயில் நீரோட்டத்தை அளக்கும் விரிவான சோதனைகளையும் அக்காலத்தில் நடத்தினார். 1891 இல் படையிலிருந்து ஓய்வு பெற்றபின் தம் நேரத்தைப் பெரும்பாலும் எண் கோட்பாட்டில் செலவிட்டார்.

கணினி இல்லாத காலத்தில், கையால் கணக்கிட்டே, 617 இலக்கங்கள் கொண்ட பதினோராம் ஃபெர்மா எண்ணின் இரண்டு காரணிகளை (319489, 974849) 1899 இல் இவர் கண்டறிந்தார். எர்பர்ட் வுடாலுடன் சேர்ந்து இவர் தொகுத்த அட்டவணை 1925 இல் நூலாக வெளிவந்தது. முழுமையாகப் பிரிக்க முடியாத எண்களுக்கு அதில் வெற்றிடங்கள் விடப்பட்டிருந்தன. அவ்வெற்றிடங்களை நிரப்புவதே பின்வந்தோரின் பணியாயிற்று. டி. எச். லேமர், சாமுவேல் வாக்ஸ்டாஃப் உள்ளிட்ட ஐவர் விரிவாக்கிய அட்டவணையை அமெரிக்கக் கணிதக் கழகம் 1983 இல் வெளியிட்டது. 1988, 2002 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் வந்தன.

காரணிப்படுத்தலின் கடினம்

இரு பெரிய எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையை மட்டும் கொண்டு அவ்விரு எண்களையும் மீட்பது மிகக் கடினம். ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாக அறிய இயலும். இதற்கு எல்லா எண்களுக்கும் பொருந்தும் உறுதியான வழிமுறையைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002 இல் வெளியிட்டனர். ஆனால் பகா எண் அன்று எனத் தெரிந்த பெரிய எண்ணின் காரணிகளை அதே போல் விரைவாகக் காண, வழக்கமான கணினிகளுக்கு வழி எதுவும் அறியப்படவில்லை. 1977 இல் உருவாக்கப்பட்ட ஆர்எஸ்ஏ மறையீட்டு முறையின் பாதுகாப்பு இக்கடினத்தையே நம்பியுள்ளது.

கணிப்பு முறை

தற்கால முறைகளின் அடிப்படை, எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவதாகும். இக்கருத்தைப் பயன்படுத்திக் காரணி காணும் முறை, நாராயண பண்டிதர் 1356 இல் எழுதிய கணித கௌமுதியிலேயே காணப்படுகின்றது. ஐரோப்பாவில் ஃபெர்மா 17 ஆம் நூற்றாண்டில் இதனைக் கூறினார்.

எடுத்துக்காட்டாக, 2¹¹ − 1 = 2047. இதனைவிடப் பெரிய வர்க்கங்களிலிருந்து 2047 ஐ ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால், 56² − 2047 = 3136 − 2047 = 1089 = 33² என வரும். எனவே 2047 = (56 − 33) × (56 + 33) = 23 × 89.

பெரிய எண்களுக்கு இவ்வாறு ஒவ்வொன்றாகத் தேடுவது இயலாது. எனவே இருபடிச் சல்லடை, எண் களச் சல்லடை ஆகிய முறைகள், வித்தியாசம் அவ்வெண்ணால் வகுபடும் இரு வர்க்கங்களைத் தேடுகின்றன. இதற்குச் சிறிய பகா எண்களால் மட்டுமே முழுமையாக வகுபடும் எண்கள் பல இலட்சக்கணக்கில் சலித்தெடுக்கப்படுகின்றன. பின்னர் அவற்றுள் எவற்றைப் பெருக்கினால் வர்க்கம் கிடைக்கும் என்பது, மிகப் பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்த்து அறியப்படுகின்றது.

வேலைப் பகிர்வு

இவற்றுள் சலித்தல் கட்டமே தன்னார்வலர்களுக்கு உரியது. தேட வேண்டிய எண்பரப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு துண்டு வழங்கப்படுகின்றது. ஒரு கணினியின் வேலை மற்றொன்றைச் சார்ந்திருப்பதில்லை. ஒருவர் இடையில் விலகினால் அவரது துண்டு வேறொருவருக்குத் தரப்படும். வந்து சேரும் ஒவ்வொரு முடிவையும் ஒருங்கிணைப்பாளர் எளிதில் சரிபார்க்கலாம் என்பதால், முன்பின் அறியாதவர்களின் உழைப்பையும் ஏற்க முடிகின்றது. இறுதி விடையை யாரும் பெருக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

சமன்பாடுகளைத் தீர்க்கும் கட்டத்தை இவ்வாறு பகிர இயலாது. அதன் ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையைச் சார்ந்தது. ஆகவே அது ஒரே இடத்திலுள்ள ஆற்றல்மிக்க கணினியில், அல்லது நெருக்கமாக இணைக்கப்பட்ட கணினித் தொகுதியில் செய்யப்படுகின்றது.

முக்கிய காரணிப்படுத்தல்கள்

1988: ஆர்யென் லென்ஸ்ட்ரா, மார்க் மனாசி ஆகியோர் மின்னஞ்சல் வழியாகப் பல நூறு கணினிகளை ஒருங்கிணைத்து, 11¹⁰⁴ + 1 இன் 100 இலக்கக் காரணி ஒன்றை மேலும் பிரித்தனர்.

1990: ஒன்பதாம் ஃபெர்மா எண் (2⁵¹² + 1, 155 இலக்கங்கள்) பிரிக்கப்பட்டது. இதன் 7 இலக்கக் காரணியான 2424833 ஏற்கெனவே 1903 இல் கண்டறியப்பட்டிருந்தது. எஞ்சியது 49, 99 இலக்கங்கள் கொண்ட இரு பகா எண்களாகப் பிரிந்தது. சுமார் 700 கணினிகள் பங்கேற்றன.

1994: ஆர்எஸ்ஏ-129 எனும் 129 இலக்க எண் பிரிக்கப்பட்டது. இது கன்னிங்காம் அட்டவணையைச் சேர்ந்ததன்று. 1977 இல் சவாலாக அறிவிக்கப்பட்டது. பிரிக்க 4 × 10¹⁶ ஆண்டுகள் ஆகும் என அப்போது மதிப்பிடப்பட்டது. சுமார் 600 தன்னார்வலர்கள் 1,600 கணினிகளைக் கொண்டு எட்டு மாதங்களில் தேவையான தரவைத் திரட்டினர்.

2012: 2¹⁰⁶¹ − 1 (320 இலக்கங்கள்) பிரிக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுல்லர்டன் வளாகத்தில் 2009 இல் தொடங்கிய என்எஃப்எஸ் அட் ஹோம் திட்டத்தில் இணைந்த தன்னார்வலர்கள் இதன் சலித்தல் பணியைச் செய்தனர்.

பாதுகாப்பில் தாக்கம்

கன்னிங்காம் எண்களின் காரணிகளுக்கு நேரடிப் பயன் குறைவு. எனினும் அவற்றுக்காகச் செம்மைப்படுத்தப்பட்ட முறைகள், மறையீட்டுச் சாவி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மதிப்பிட உதவுகின்றன. இவ்வெண்களின் சிறப்பு வடிவம் வேலையை எளிதாக்குகின்றது. அவ்வடிவம் இல்லாத சாவி எண்களைப் பிரிப்பது இதனைவிடக் கடினம். அத்தகைய 512 பிட்டு எண் ஒன்று முதன்முதலில் 1999 இல் பிரிக்கப்பட்டது. 2009 இல், டெக்சாசு இன்சுட்ருமென்ட்சு கணிப்பான்களின் 512 பிட்டு சாவி ஒன்றை ஆர்வலர் ஒருவர் தனியாகவே காரணிப்படுத்தினார். அந்நிறுவனக் கணிப்பான்களின் வேறு சில சாவிகளைத் தன்னார்வலர்கள் தம்முள் பகிர்ந்துகொண்டு விரைவில் பிரித்தனர். 2020 இல் ஆய்வாளர் குழு ஒன்று 250 இலக்கங்கள் (829 பிட்டு) கொண்ட ஆர்எஸ்ஏ-250 ஐப் பிரித்தது. இன்று ஆர்எஸ்ஏ முறைக்குக் குறைந்தது 2,048 பிட்டு சாவிகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

பகா எண்
ஃபெர்மா எண்
மறையீட்டியல்
நாராயண பண்டிதர்