‘கூட யார் வந்திருக்காங்க?’

நாகூர் தர்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே கண்ணில் படும் அந்தப் பெரிய மினாரா! உயரம் 131 அடி. கட்டிக்கொடுத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். வியாழக்கிழமை இரவென்றால் கூட்டம் நெரியும். அந்தக் கூட்டத்தில் எல்லா மதத்துக்காரர்களும் உண்டு. ஓரமாக, மனசு சரியில்லாத மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நாள் கணக்கில் தங்கியிருக்கும் குடும்பங்களும் உண்டு. ‘பேய் பிடிச்சிருக்கு’ என்பார்கள். சோறு ஊட்டுவார்கள். இரவில் பக்கத்திலேயே பாய் விரிப்பார்கள்.

‘இவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகக் கூடாதா?’ என்று கேட்பது சுலபம். நம் நாட்டில் மனநோய்க்கு டாக்டர்கள் எப்போது உருவானார்கள் என்று பார்த்தால், பாவம், அந்தக் குடும்பங்கள் மேல் கோபம் வராது!

1794-ல் வாலண்டைன் கொனொலி என்ற கம்பெனி சர்ஜன் சென்னையில் ஒரு காப்பகம் தொடங்கினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கக் காப்பகம் வந்தது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நாம் கிண்டல் பேசக் கற்றுக்கொண்டது அதன் புண்ணியத்தில்தான். அன்றைய காப்பகங்கள் பூட்டி வைக்கத் தெரிந்த இடங்கள். குடும்பம் நோயாளியை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

சரி, வைத்தியம் படிக்க எங்கே போவது? எம்.பி.பி.எஸ். முடித்தவர் மனநல மருத்துவத்தில் மேல்படிப்பு படிக்க ஆசைப்பட்டால், பெரும்பாலும் லண்டனுக்குத்தான் கப்பல் ஏற வேண்டும். 1946-ல் போர் கமிட்டி ஒரு கணக்குச் சொன்னது. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒரு மனநலப் படுக்கை. இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு ஒன்று! முதலில் டாக்டர்களை உருவாக்குங்கள் என்றது கமிட்டி. அதன்படி 1954-ல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிலையம் உருவாகி, மறு வருடமே பட்ட மேற்படிப்புப் பட்டயம் தொடங்கியது. இன்றைய நிம்ஹான்ஸின் தாய்வீடு அதுதான்.

1957-ல் சென்னையிலிருந்து அங்கே படிக்கப் போனார் ஓர் இளம் பெண் டாக்டர். பெயர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பொறுப்பே அவர் கையில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல், 1984-ல் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். 

பாடப் புத்தகங்கள் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. ஆனால், அந்தப் புத்தகங்களில் இல்லாத ஒரு பாடத்தை அதே காலத்தில் நம் மண் சொல்லிக் கொடுத்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் இடம் போதவில்லை. அதன் தலைவர் வித்யாசாகர் மைதானத்தில் கூடாரங்களை அடித்து, நோயாளியோடு குடும்பத்தையும் தங்கச் சொன்னார். என்ன ஆச்சரியம்! நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள், வீடு திரும்பினார்கள். 1957-ல் வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தைத் தொடங்கிய கனடா டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸும் உறவினர் கூடவே தங்கும் முறையைத்தான் கொண்டுவந்தார். நாகூரில் பாய் விரித்துக் கிடந்த குடும்பங்கள் படிக்காமலே செய்துவந்த காரியம் இது!

உடனே ‘தர்காவே போதும், டாக்டர் எதற்கு?’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடி. தர்காவை நம்பி அந்த ஊரில் முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் ஒன்று. விடியற்காலையில் தீ. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அங்கே பிரார்த்தனைக்கும் குறைவில்லை, காசு வாங்க ஆளுக்கும் குறைவில்லை. கூட இருக்கத்தான் சொந்தம் இல்லை. மருந்தும் இல்லை. பழைய காப்பகத்தின் பூட்டுதான் அங்கே சங்கிலியாக மாறியிருந்தது.

அடுத்த வருடமே இன்னொரு செய்தி. நிம்ஹான்ஸ் டாக்டர்கள் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பரிசோதித்து, முடிவை 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். சில வாரங்கள் தங்கியதிலேயே நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. மந்திரமா? இல்லை. யாரும் மிரட்டாத இடம், கூடவே சொந்தக்காரர், அன்றாடம் சின்னச் சின்ன வேலை... இந்த ஆதரவுதான் காரணம் என்றார்கள். மருந்தோடு இதுவும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

2004 டிசம்பர் 26. சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். இறந்தவர்களை மதம் பார்க்காமல் அடக்கம் செய்ய நாகூர் தர்கா நிலம் கொடுத்தது. பிழைத்தவர்களின் மனசை யார் பார்ப்பது? அத்தனை மனநல டாக்டர்களுக்கு எங்கே போவது? நிம்ஹான்ஸ் குழு வந்து, உள்ளூர் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தது. முதல் பாடம் என்ன தெரியுமா? பக்கத்தில் உட்காரு, பேசவிட்டுக் கேளு.

சங்கிலி போடுவதை 2017-ம் வருடத்து மனநலச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டது. 2022-ல் நாகப்பட்டினத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இன்று மனநலத்தில் எம்.டி. என்றால் மூன்று வருடப் படிப்பு. கற்றுக்கொள்ள எத்தனையோ மருந்துகள், பரிசோதனைகள். ஆனால், புற நோயாளிப் பிரிவில் உட்காரும் மாணவர் முதல் நாளே கேட்கப் பழகும் கேள்வி ஒன்று உண்டு: ‘கூட யார் வந்திருக்காங்க?’ வந்தவர் சொல்வதையும் சேர்த்துத்தான் நோயின் கதை எழுதப்படும்.

அந்தக் கேள்விக்கு ‘யாருமில்லை’ என்று பதில் வருகிற இடத்தில், எம்.டி. படித்த டாக்டரும் பாதி வைத்தியம்தான் செய்ய முடியும். மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது.