மரத்துக்கும் பாக்டீரியா நோய் வருமா?

டைபாய்டு, காலரா, காசநோய்... பாக்டீரியான்னதும் நமக்கு ஞாபகம் வர்றது மனுஷங்க நோய்தான். செடி கொடிக்கும் பாக்டீரியாவால நோய் வரும்னு நிரூபிக்க ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. சின்ன த்ரெட் 👇

1/ அமெரிக்காவுல 18ஆம் நூற்றாண்டு முடிவுலயே பேரிக்காய், ஆப்பிள் மரங்கள் நெருப்பு பட்ட மாதிரி கருகின. பேரு ஃபயர் பிளைட், அதாவது தீக்கருகல். உறைபனி, பூச்சி, பூஞ்சைன்னு ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க.

2/ 1878இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பர்ரில், நோயுற்ற கிளையில பாக்டீரியாவைப் பார்த்தார். 1880இல் அந்தச் சாறை நல்ல மரத்துல செலுத்தினார். அதுவும் கருகுச்சு! ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவிச்சது 1882இல்தான்.

3/ 1885இல் ஜோசப் ஆர்தர் அந்தப் பாக்டீரியாவைத் தனியா வளர்த்துச் செலுத்தியும் நோயை வரவழைச்சார்.

4/ ஆனாலும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஃபிஷர் 1897இல் மறுத்தார். செடியின் செல்சுவரைத் தாண்டி பாக்டீரியா உள்ளே போகாதுங்கிறது அவர் வாதம். அமெரிக்காவின் எர்வின் ஸ்மித் ஆதாரங்களை அடுக்கிப் பதில் சொன்னார். 1901க்குள்ள ஸ்மித் பக்கமே ஜெயிச்சது. அந்தக் கிருமிக்கு இன்னைக்கு அவர் பேர்தான்: எர்வினியா.

5/ சரி, எப்படி உள்ளே போகுது? பூவோட தேன் சுரக்கும் இடம் வழியா! தேனீதான் பரப்புதுன்னு 1891லேயே மெர்டன் வெய்ட் காட்டினார். உள்ளே போனதும் ஊசி மாதிரி ஒரு அமைப்பால தன் புரதங்களைச் செல்லுக்குள்ள ஏத்தும். சால்மோனெல்லா நம்ம குடல்ல பண்றதும் இதே வேலைதான்.

6/ இப்போ முக்கியமான விஷயம். காசநோய்க்கு முதல் பலனுள்ள மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1950களில் அதையே அமெரிக்கத் தோட்டங்கள்ல தெளிச்சாங்க. நல்லா கேட்டுச்சு. ஆனா 1971இல் கலிஃபோர்னியா பேரித் தோட்டங்கள்ல மருந்துக்கு அடங்காத எர்வினியா வந்துடுச்சு.

7/ தோட்டத்துல நடந்த அதே கதைதான் எங்க வார்டுலயும் நடக்குது. வைரஸ் சளிக்கு நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீங்க. காசநோய் மாத்திரையைப் பாதியில நிறுத்தாதீங்க. மிச்சம் இருக்கிற மருந்துகளையாவது காப்பாத்துவோம்.