மலேசியக் கிண்ணம்: நடுத்தர அணிகளுக்கு இடம் கிடைப்பது எப்படி?

சுங்கை பாக்காப் - நம் நாட்டில் காற்பந்துப் பருவம் லீக்கோடு முடிந்துவிடுவதில்லை. ரசிகர்கள் உண்மையில் காத்திருப்பது மலேசியக் கிண்ணத்துக்குத்தான். எச்எம்எஸ் மலாயா போர்க்கப்பலின் பெயரைச் சொல்லும் கிண்ணத்துக்காக 1921இல் தொடங்கிய போட்டி இது. 1967 முதல் இப்போதைய பெயரைத் தாங்கி வருகிறது. பினாங்கு இதை 1953, 1954, 1958, 1974 என நான்கு முறை வென்றுள்ளது. 1974இல் பேராக்கை வீழ்த்தியதற்குப் பிறகு கிண்ணம் பினாங்குப் பக்கம் வரவே இல்லை.

வெல்வது இருக்கட்டும், உள்ளே நுழைவதே சில ஆண்டுகள் பெரும்பாடாக இருந்தது.

முந்தைய முறையில் 16 அணிகளுக்கு இடம். சூப்பர் லீக்கின் 12 அணிகளில் முதல் 11, அடுத்த நிலையான பிரிமியர் லீக்கிலிருந்து 5. மேல்நிலையில் ஓர் அணிக்கு மட்டுமே கதவு அடைபடும். 2017இல் அந்தக் கடைசி இடத்தில் நின்றது பினாங்கு. கிண்ணமும் கைநழுவியது, தரமும் இறங்கியது. 2021இல் பேராக், யுஐடிஎம் இரண்டுமே தரமிறங்கின. ஆனால் 11ஆம் இடத்துப் பேராக் கிண்ணத்தில் ஆடியது. முந்திய ஆண்டு சூப்பர் லீக்கில் கால் பதித்த முதல் பல்கலைக்கழக அணி என்ற பெருமை பெற்ற யுஐடிஎம், 12ஆம் இடத்தால் வெளியே நின்றது.

பிரிமியர் லீக் அணிகளின் பாடு இன்னும் கடினம். அந்த 5 இடங்களுக்குள் வந்தால் குழுச் சுற்றில் 6 ஆட்டங்கள், அவற்றில் 3 சொந்த அரங்கில். சம்பளம் கொடுக்கவே திணறும் அணிக்கு அந்த மூன்று இரவுகளின் டிக்கெட் பணம் சாதாரணமல்ல.

பினாங்கின் தலையெழுத்தைப் பாருங்கள். 2020இல் பிரிமியர் லீக் வெற்றியாளராகி மீண்டும் மேலே ஏறியது. அந்த ஆண்டு கோறனி காரணமாகக் கிண்ணப் போட்டியே ரத்தானது. மறு ஆண்டு சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். ஏறிய கையோடு அப்படி ஓர் ஆட்டம்! ஆனாலும் 2022 ஏஎஃப்சி கிண்ணத்துக்கான இடங்கள் இரண்டாம் இடத்துக் கெடாவுக்கும், லீக்கில் 6ஆவதாக வந்த கோலாலம்பூர் சிட்டிக்கும் போயின. 2021 நவம்பர் 30ஆம் தேதி இறுதியாட்டத்தில் ஜேடிதியை 2-0 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியதால் கோலாலம்பூருக்கு அந்த வாய்ப்பு. அவர்கள் ஏஎஃப்சி கிண்ண இறுதிவரை சென்றார்கள் என்பதால் குறை சொல்லவும் முடியவில்லை.

2022 பருவத்தோடு பிரிமியர் லீக் கலைக்கப்பட்டது. 2023இல் சூப்பர் லீக் 14 அணிகளாக விரிந்தது. அனைத்துக்கும் மலேசியக் கிண்ணத்தில் இடம் உண்டு. குழுச் சுற்று கிடையாது. முதல் சுற்றிலிருந்தே இரண்டு ஆட்டங்களின் மொத்த கோல் கணக்கில் தோற்பவர் வெளியேற வேண்டும். அப்படி வெளியேறும் எட்டு அணிகளுக்கென எம்எஃப்எல் சவால் கிண்ணம் உருவாக்கப்பட்டது.

தாராளமான விதிதான். ஆனால் உறுதியாகக் கிடைக்கும் சொந்த அரங்க ஆட்டம் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. முதல் சுற்றில் ஜேடிதி எதிரே வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2022, 2023, 2024-25 கிண்ணங்கள் அவர்களிடமே சென்றன. சவால் கிண்ணம் ஆறுதல் பரிசு. அரங்கை நிரப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி 2017, 2018இல் பிரிமியர் லீக்கில் ஆடி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கை எட்டியது. பின்னாளில் பி. மணியம் பயிற்சியில், உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து ஆடிய அந்த அணி, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. அது ஏறி வந்த பிரிமியர் லீக் படியும் அதே ஆண்டில் மறைந்தது.