இடிக்க முடியாத வீடுகள்: மாமல்லபுரத்தில் பழுதுபார்ப்பும் எரிசக்திச் சிக்கனமும்

பழைய வீட்டைச் செப்பனிடுவதா, இடித்துவிட்டுக் கட்டுவதா என்ற கேள்விக்குச் சென்னையில் பெரும்பாலும் மனை விலைதான் விடை சொல்கிறது. மாமல்லபுரத்தில் பாதி விடையைச் சட்டம் சொல்லிவிட்டது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு வெளியே 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைப்பகுதியில் புதிய வீடு எழுப்ப முடியாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே நின்ற வீடாக இருந்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்.

குடும்பம் பெருகும்போது மேலே ஓர் அறைகூட எடுக்க முடியாத நிலை பெரிய துன்பம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆயினும் இந்த வீடுகள் இன்னும் பல்லாண்டு நிற்கப்போகின்றன என்பது உறுதி. ஆகவே அவற்றின் பழுதுபார்ப்பையே எரிசக்திச் சீர்திருத்தமாக ஆக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இடிப்பதைவிடச் செப்பனிடுவதே சூழலுக்கும் நல்லது. சூளையில் ஏற்கெனவே வெந்த செங்கல்லின் வெப்பச் செலவு வீணாவதில்லை. சிமென்ட்டுக்கான கிளிங்கர் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில் உருவாகிறது. சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும். சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்கிறது.

பழைய வீடு என்றாலே குளிர்ச்சி என்று எழுதிவிடுவது நம்மிடையே வழக்கம். அதை ஆராயாமல் ஏற்க முடியாது. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரையை எடுத்துக்கொள்வோம். மரபான கனங்களை வைத்துக் கணக்கிட்டால், அதன் வெப்பக் கடத்து அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, 2 வாட்டை ஒட்டி வருகிறது. 12 செ.மீ. கான்கிரீட் தளத்துக்கு அது ஏறக்குறைய 3.5. எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு விதிக்கும் உச்சவரம்போ 1.2. மரபுக் கூரை கான்கிரீட்டைவிடப் பெரிதும் மேலானது. ஆனாலும் இன்றைய அளவுகோலை அது எட்டவில்லை. மேலும், புழுக்கம் மிகுந்த கடற்கரையில் கனத்த கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்கும். நாட்டு ஓட்டுக் கூரை நண்பகலில் சுட்டாலும் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். எந்தக் கூரைக்கு எந்த மருந்து என்று பிரித்துப் பார்க்காமல் பொதுவாகப் பேசுவதில் பயனில்லை.

அவசரமாகக் கவனிக்க வேண்டியவை கான்கிரீட் வீடுகளே. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குப்பங்களில் கட்டிய வீடுகளும் இன்று பழைய வீடுகள்தாம். கீற்றுக் கூரை தீக்கும் புயலுக்கும் தாங்காது என்பதால் கான்கிரீட்டை நாடியதில் தவறில்லை. ஆனால் நிழலும் காப்பும் இல்லாத மொட்டைத் தளத்துக்குக் கீழே மே மாத இரவில் உறங்க முடிவதில்லை. அத்தளத்தின் மேல் 2 செ.மீ. பாலியூரித்தேன் காப்புப் பலகையும் அதன் மேல் வெள்ளைத் தட்டோடும் வைத்தால், கணக்குப்படி கடத்து அளவு 1-க்குக் கீழே இறங்கிவிடும். பணம் இல்லாதவர் வெள்ளைப் பூச்சு அடித்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தாலே வேறுபாடு தெரியும்.

சுவரில் நடக்கும் தவறு வேறு வகை. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை ஆவியாக வெளியேற்றும். அதன் மேல் சிமென்ட் பூசி பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். அறையில் புழுக்கம் ஏறும். உடனே வீட்டுக்காரர் ஏசி வாங்குகிறார். சன்னலிலும் இதே கதை: முழுதாகத் திறக்கும் மரக்கதவைக் கழற்றிவிட்டு நகரும் அலுமினியச் சன்னல் வைத்தால், பாதி வழிதான் திறக்கும். பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றை நம்பியிருக்கும் ஊரில் இது பேரிழப்பு. மேற்குச் சுவருக்கு ஒரு பூவரசின் நிழல் கிடைத்தால் அனல் காற்று வீசும் நாள்களில் பெரிய துணை.

இவற்றுக்குப் பிறகே மின்கருவிகள். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி, நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், ஆண்டுக்குச் சுமார் 257 யூனிட் மிச்சம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. வெப்பம் கொட்டும் கூரையின் மேல் சூரியத் தகடு போட்டு, அந்த மின்சாரத்தில் ஏசியை ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதுதான். கூரையைச் சரிசெய்த பிறகு போதுமான அளவுக்குத் தகடு போடட்டும். உப்புக்காற்றுச் சோதனையில் தேறிய தகடாக அது இருக்கட்டும்.

மானியம் தகட்டுக்கு உண்டு. கூரைக் காப்புக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் அதே திட்டத்தில் இடமில்லை. ஈகோ நிவாஸ் விதியும் 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளைத் தொடுவதில்லை. ஊரின் சிறு வீடுகள் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. வடக்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, பல ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பியிருக்கிறது. அந்தக் கைத்திறன் அருங்காட்சியகத்துக்கு மட்டும் உரியதாக நின்றுவிடக் கூடாது. மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்கும் வர வேண்டும்.

எனவே இரண்டு கோரிக்கைகள். கூரைக் காப்பு, வெள்ளைத் தட்டோடு, சுண்ணாம்புப் பூச்சு, மரச்சன்னல் சீரமைப்பு ஆகியவை வீட்டின் உருவத்தை மாற்றாத பழுதுபார்ப்பு என்று தேசிய நினைவுச்சின்ன ஆணையம் வரையறுத்து, அவற்றுக்கான அனுமதியை எளிதாக்க வேண்டும். 1957 முதல் மாமல்லபுரத்திலேயே இயங்கிவரும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களை உருவாக்கும் குறுகிய காலப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.